இரண்டு நீளம், ஒரு குட்டை

டெலிபோன் மணி அடித்தால் அவர் தலையை நிமிர்த்த மாட்டார். பேனா மட்டும் நிற்கும். மணி முழுவதுமாக அடித்து ஓயும்வரை மசி சொட்டாமல் அந்தரத்திலேயே நிற்கும். பிறகு ஒன்று, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய் எடுப்பார். இல்லையென்றால் "நம்ம மணி இல்ல" என்று சொல்லிவிட்டு விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். அந்தச் சொற்களை அவர் சொன்ன தடவைக்கு ஒரு கொழுந்து வீதம் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் தோட்டத்துக்கு இன்னொரு தேயிலைப் பெக்டரி தேவைப்பட்டிருக்கும்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, குறுக்குப் பாதையில் இறங்கும்போது முழங்காலையும் ஏறும்போது உயிரையும் வாங்குகிற ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் அவர் பெரிய கிளாக்கர், நான் சின்னக் கிளாக்கர். கணக்கில் நான் புலி என்று சொல்லித்தான் என் மாமா அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். புலிக்குக் கணக்குத் தெரியாது என்பது சேர்ந்த முதல் வாரமே பெரிய கிளாக்கருக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் அவர் அதைச் சொல்லவில்லை. நான் நன்றி சொல்லப் போனேன். "தொரை என்னைய கேக்கல தம்பி. கேட்டா சொல்லத்தான் செய்வேன்" என்றார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்திருந்தேன். கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் கீழே டவுன் தபால் கந்தோரில் இருக்கிற ஆப்பரேட்டருக்கு மணி அடிக்கும். எங்களுக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஒரே கம்பியில் எங்கள் ஆபீஸ், தொரையின் பங்களா, பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. யாருக்குப் போன் வந்தாலும் மூன்று இடத்திலும் மணி அடிக்கும். யாருக்கு என்பதை மணியின் தாளத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் நீளமாக ஒன்று அடித்தால் பங்களா. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் நாங்கள். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் பக்கத்துத் தோட்டம்.

இதுதான் சட்டம். நடைமுறை என்னவென்றால், எல்லா மணிக்கும் பெரிய கிளாக்கர் தவிர மற்ற எல்லோரும் எடுத்தோம். மெதுவாக, மூச்சை அடக்கி, பேசும் குழாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. ரேடியோவில் நாடகம் வாரத்துக்கு ஒரு நாள்தான். கம்பியில் தினமும் உண்டு. ஒருநாள் எங்கள் தொரை கொழும்பில் யாருடனோ சிங்களமும் இங்கிலீசும் கலந்து சண்டை பிடிப்பதை நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தபோது தும்மல் வந்துவிட்டது. தொரை பேச்சை நிறுத்தி, "யாரது லைன்ல?" என்றார். பதறிப்போன நான், "யாருமில்லீங்க தொரை" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் நான் பங்களா இருந்த திசைக்கே முதுகைக் காட்டி நடந்தேன். பெரிய கிளாக்கர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கதவு தொறந்து கெடந்தா உள்ள போயிருவீங்களா தம்பி? ஒங்களக் கூப்பிடல. கூப்பிடாத எடத்துல நிக்கக் கூடாது." அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது நான் மற்றவர் மணிக்குக் கை நீட்டுவதை விட்டுவிட்டேன். அவர் இல்லாத நேரத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

கூப்பிடாத இடம். அவருக்கு உலகமே அப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது: கூப்பிட்ட இடம், கூப்பிடாத இடம்.

ஒருமுறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரோ "கிளாக்கரையா, கிளாக்கரையா" என்று பின்னால் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். "ஹட்டன்ல எத்தனையோ கிளாக்கர் இருப்பாங்க. நீங்க ஏறுங்க" என்று என்னை பஸ்ஸுக்குள் தள்ளினார். பஸ் வளைவில் திரும்பும்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடைக்காரர், பெரிய கிளாக்கர் அங்கே மறந்து வைத்த குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மழையில் நின்றிருந்தார். பஸ் இறக்கிவிட்ட ஸ்டேஷனடியிலிருந்து தோட்டத்துக்கு நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே ஏறினோம். "பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன்" என்றார். அவருடைய பெயர் எங்கள் தோட்டத்திலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. பெரிய கிளாக்கர் என்றால் பெரிய கிளாக்கர்தான். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் பெருமை, தலைக்கனம் என்றுதான் பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பெரிய கங்காணி சாகும்வரை.

கங்காணியும் அவரும் சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கங்காணி வீட்டில் சீட்டாட்டம் நடக்கும். அதற்குக்கூட ஒவ்வொரு வாரமும் ஆள் வந்து "ஐயா வரச் சொன்னாங்க" என்று சொன்னால்தான் இவர் செருப்பைப் போடுவார். கங்காணி செத்த அன்று காலை தப்புச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. கேதம் சொல்கிறவன், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொன்னான். ஆபீஸ் குவார்ட்டர்சுக்கு மட்டும் போகவில்லை. ஆபீஸ் ஆளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டிருக்கிறான். இவர் கோட்டை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டு, வீட்டு கேட்டுக்குள்ளே நின்றார். பாடை மேல்ரோட்டில் போகும்வரை நின்றார். உள்ளே நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடிவந்து, வாங்கய்யா என்று கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. "அவங்க வீட்டுல சொல்லி விடலியே தம்பி. நான் வர்றது வேணாம்னு நெனைச்சாங்களோ என்னமோ."

அதைச் சொன்னபோது கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. பெருமைக்காரனின் விரல் அப்படி வெளுக்காது. வேண்டாத ஆளாகப் போய் நின்றுவிடுவோமோ என்று ஒரு மனிதர் இவ்வளவு பயப்பட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அந்தப் பயம் துளியும் கிடையாது. நான் வேண்டாத இடங்களில் நின்றே வளர்ந்தவன்.

அவருக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவார். ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனவள், அங்கே பெக்டரியில் இஞ்சின் பார்க்கிற ஒருவரை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவளே முடிவுகட்டிவிட்டிருந்தாள். அவர் ஆளைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன். யாரும் கேக்கல" என்பதுதான் அவர் சொன்னது. மகளும் அவருடைய மகள்தானே. அப்பா வந்து ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு நான் வருகிறேன் என்றாளாம். இரண்டு பேருக்கும் நடுவில் அவருடைய மனைவி, அந்த அம்மாதான் ஆப்பரேட்டர். மாதம் ஒரு தடவை முறுக்குச் சுட்டுக்கொண்டு நுவரெலியா வழியாக ராகலைக்கு பஸ் ஏறுவார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இணைப்பு மாட்டி மாட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் மணிக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் கைப்பிடியைச் சுற்றவில்லை. பேத்தி பிறந்தாள், நடக்கவும் தொடங்கினாள். அவர் பார்க்கவில்லை.

இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி லயம் லயமாக ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மருமகன் குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்தது. நானுஓயா ஸ்டேஷனில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கே கப்பல். நானுஓயாவிலிருந்து புறப்படுகிற கோச்சி எங்கள் காலடியில், வட்டகொடையில், ஒரு மூச்சு நேரம் நின்றுதான் போகும்.

அந்த அம்மா மூட்டை கட்ட உதவிக்கு ராகலைக்குப் புறப்பட்ட அன்று, பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவரும் எழுந்து போகவில்லை. நடுவில் நான் மேசையில் குனிந்து, மும்முரமாக எதையோ தப்பாகக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, போற அன்னைக்குக் காலையில நுவரெலியாவுல எறங்கித்தான் போகணும். அங்கேருந்து அவள ஒங்களுக்குப் போன் போடச் சொல்றேன். அவ கூப்பிட்டா டேசனுக்கு வருவீங்கதானே?"

"கூப்பிட்டா ஏன் வராம இருக்கேன்?"

"நானும் அதே கோச்சியில வட்டகொடை வரைக்கும் வந்து எறங்குறேன். அவ கூப்பிடுவாளான்னு சொல்லத் தெரியல. ஒங்க புள்ள."

அந்தக் காலையில் அவர் கோட்டோடு ஆபீசுக்கு வந்தார். ஆள் எண்ணும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருந்தார்கள். சவரம் செய்த கன்னத்தில் பவுடர் திட்டாக இருந்தது. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கம்பளித் தொப்பியை எடுத்து எனக்குக் காட்டினார். சிவப்பு, உச்சியில் ஒரு குஞ்சம். டவுனில் வாங்கியிருக்கிறார். போகிற ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று நான் சொல்லவில்லை. என் வாய் வாழ்நாளில் சும்மா இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

மணி அடித்தது. ஒரே நீளம். பங்களா.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடித்தது. ஒரு நீளம். அவர் கை நாற்காலிப் பிடியில் ஊன்றியது. இன்னொரு நீளம். கை தளர்ந்தது. ஒரு குட்டை.

"நம்ம மணி இல்ல."

பக்கத்துத் தோட்டத்தில் அன்று வேலை நிறுத்தம். ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கூப்பிடுகிறவருக்குத் தெரியவில்லை போலும். மணி ஓய்ந்து, மறுபடி அதே தாளத்தில் அடித்தது. மறுபடியும் ஓய்ந்து, மறுபடியும். பங்களாவில் இருந்த சமையற்காரர் மணி ஓய்ந்து பேச்சு தொடங்கிய பிறகுதான் எடுக்கிறவர். எனக்குக் கை அரித்தது.

"எடுத்து ஆபீஸ் பூட்டுன்னு சொல்லிறட்டுங்களாய்யா?"

"நம்மளக் கேக்கலியே தம்பி." பிறகு, மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "பாவம். யாரோ ரொம்ப அவசரமாக் கூப்பிடுறாங்க."

மணி நின்றது. அதற்குப் பிறகு அடிக்கவேயில்லை.

நானுஓயாப் பக்கமிருந்து கோச்சியின் ஊதல் கேட்டபோது அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தேயிலைக்கு நடுவே கீழே பெட்டிகளின் கூரை மட்டும் தெரியும். கோச்சி வந்தது, நின்றது, இன்னொரு தடவை ஊதியது, வளைவில் மறைந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியைத் தன் மேசைக்கே இழுத்துப் போட்டார். "கூப்பிடல" என்றார். பேனாவை எடுத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

உச்சி வெயிலில் அந்த அம்மா குறுக்குப் பாதையில் ஏறி வந்து சேர்ந்தார். இந்தமுறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்தார்.

"ஏன் எடுக்கல நீங்க?"

"எதை?"

"போன எடுக்கலியே. நான் பக்கத்துலதான் நின்னேன். மணி போகுது, போகுது, யாரும் எடுக்கிறாங்க இல்லன்னு கவுண்டர்ல சொன்னாங்க. திரும்பவும் அடிச்சுப் பாருங்கன்னு அவ கெஞ்சுனா."

"இங்க அடிக்கலியே" என்றார் அவர். சொல்லிக்கொண்டே போன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா என்ன சொன்னா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வட்டகொடையில நின்னப்ப புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்லயே நின்னா. ஒவ்வொரு ஆள் மொகமாப் பாத்தா. கோச்சி எடுக்கிறப்ப, 'மணியக் கேட்டுக்கிட்டேதாம்மா இருந்திருப்பாரு, எடுக்க மனசு வரல'ன்னு சொன்னா. அவ்வளவுதான்."

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "போன் கெட்டுப் போச்சு" என்றார் அவர். "தம்பி, என்னான்னு பாருங்க."

நான் பார்த்தேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு சிரத்தையாக நான் செய்ததில்லை. பெக்டரியிலிருந்து திருப்புளி வாங்கி வந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணிகள், நடுவில் ஒரு சின்னச் சுத்தியல். சுத்தியல் துரு இல்லாமல், இறுக்கம் இல்லாமல் ஆடியது. கிண்ணியில் தட்டினேன், கணீரென்றது. பேட்டரிக் கம்பியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீரென்று இழுத்து, மாலைவரை என்னால் "ழ" சொல்ல முடியாத அளவுக்கு அது நன்றாக இருந்தது. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க நான் அடுத்ததைக் கழற்றினேன். ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா? ஒரு பூச்சி, ஒரு சிலந்திக் கூடு, ஒரு கழன்ற ஆணி? அவரும் என் தோளுக்குப் பின்னால் நின்று, "பெல்லு சரியா? பேட்டரி சரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரிங்கய்யா என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு அங்குலம் குட்டையானது போலிருந்தது.

மிஞ்சியது கம்பி. ஆபீசுக்கு வெளியே கம்பி போகிற வழியில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். சவுக்கு மரக் கிளைகளுக்குள்ளே ஏறினேன். கம்பி நன்றாக இருந்தது. கயிற்றில் நடப்பவன் தாராளமாக நடக்கலாம், அவ்வளவு விறைப்பு.

கீழே பார்த்தேன். ஆபீஸ் வாசலில் அந்த அம்மா நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளேயே இருந்தார்.

நான் குறட்டை எடுத்துக் கம்பியை வெட்டினேன்.

அறுந்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கிளையையும் முறித்துப் போட்டுவிட்டு, "ஐயா, கம்பி அறுந்து கெடக்கு. மரம் முறிஞ்சு விழுந்திருக்கு" என்று கூவினேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது. "பாத்தீங்களா, கம்பிதாங்க அறுந்திருச்சு" என்று அந்த அம்மா உள்ளே பார்த்துச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த ஆறுதலுக்காக நான் இலங்கையில் உள்ள அத்தனை கம்பியையும் வெட்டத் தயாராக இருந்தேன்.

அவர் வெளியே வந்தார். கம்பி நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அறுந்த கம்பியிலயா காலையில மணி அடிச்சிச்சு தம்பி?"

பொய் சொல்வதில் இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவன் நான். இதை யோசிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. கம்பி நுனியை என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டார். "கட்டிருங்க. பக்கத்துத் தோட்டத்துக்கும் இதுதானே."

கட்டினேன். உள்ளே வந்தபோது அவரே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆப்பரேட்டரிடம், எங்கள் ஆபீசுக்கு ஒருதரம் மணி அடித்துப் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு நீளம். ஒரு குட்டை.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இரண்டாவது தடவை முடிவதற்குள் அவர் கை நீட்டி எடுத்தார். "ஆமாங்க. எங்க மணிதான். நல்லாக் கேக்குது" என்றார். வழக்கமான ஆப்பரேட்டர் லீவாம். அன்றைக்குத்தான் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு தோட்டத்து மணியையும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறாள். நான் அவர் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கப் போனேன். அவர் தரவில்லை. "புதுப்புள்ள. சொன்னா அழுதுரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். மணியைத் திருத்தச் சொல்லி மறுநாள் நான்தான் கீழே போய்ச் சொன்னேன். அழத்தான் செய்தாள்.

தலைமன்னாருக்குத் தந்தி அடிக்கலாம் என்று சொன்னதும் நான்தான். "போன் பழுது, அப்பா காத்திருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு முதல் இரண்டு சொல்லைக் கோடு போட்டு அடித்தார். மிச்சம் இருந்ததை அனுப்பினோம். அவளுக்குக் கிடைத்ததா, கப்பலுக்குப் பிறகு வந்ததா, தெரியாது. மருமகன் வீட்டார் சொல்லிப்போன ஊர் அவர்களுடைய பாட்டன் விட்டு வந்த ஊர். அங்கே அவர்களை யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா போட்ட கடிதங்கள் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தன. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டும் வராத வீட்டுக்கு அவள் எதற்கு எழுதுவாள்?

அதற்குப் பிறகு அவர் எல்லா மணிக்கும் எடுத்தார்.

நான் பார்த்த மனிதர்களிலேயே மற்றவர் கம்பியில் காது வைக்காத ஒரே மனிதர் அவர். இப்போது நீளமா குட்டையா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். முதல் ஒலிக்கே நாற்காலி பின்னால் போகும். "ஹலோ" என்பார். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் "மன்னிக்கணும்" என்று வைத்துவிடுவார். பேச்சைக் கேட்டது கிடையாது. ஆனால் கிளிக் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்குமே. ஆபீசில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பங்களாவிலிருந்து தொரை கிளம்பி வந்துவிட்டார். பெரிய கிளாக்கர் எழுந்து வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "நான்தாங்க தொரை." தொரைக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருடம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த கெட்ட பெயர் ஒருநாளாவது உதவாமல் போகுமா?

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை காலியானது. நான் மனுப் போட்டேன். அங்கேயுள்ள தொரை இவரை அழைத்து என்னைப் பற்றி விசாரித்தாராம். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "கணக்கு சுமார். ஆள் நல்ல ஆள்" என்றிருக்கிறார். எப்படியோ வேலை கிடைத்தது.

அங்கே போன பிறகு இரண்டு நீளம் ஒரு குட்டை என் மணியாகிவிட்டது. அடித்ததும் நான் எடுப்பேன். எனக்கு முன்னாலேயே கம்பியில் ஒரு மூச்சு நிற்கும்.

"ஹலோ... பாப்பாவா?"

"நான்தாங்கய்யா."

"ஓ, தம்பியா. மன்னிக்கணும். ஒங்க மணிதான்." கிளிக்.

நாள் செல்லச் செல்ல நான் ஒரு தந்திரம் பழகிக்கொண்டேன். மணி அடித்தால் உடனே எடுப்பதில்லை. அவர் முதலில் எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். நான் முந்திவிட்டால் அவருக்கு அது வேறு யாருடைய போனாகவோ ஆகிவிடும். அவர் முதலில் எடுத்தால், அந்த ஒரு "ஹலோ" சொல்லி முடிக்கும்வரையாவது அது அவருடைய போன். அந்தத் தோட்டத்துத் தொரை, இந்தக் கிளாக்கர் ஒரு போன் எடுப்பதற்குள் கொழுந்து முற்றிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கணக்கில் சுமார், போனில் அதைவிடச் சுமார் என்று பெயர் வாங்கினேன்.

தலைமன்னார்க் கப்பல் நின்றுபோன பிறகும் அவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு காலை, பனி ஜன்னல்வரை வந்து நின்ற நேரம், மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி அடித்தது. அவர் எடுப்பதாயில்லை. கிழவர் வெற்றிலை போட வெளியே போயிருப்பார், வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். இன்னும் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. எனக்குப் பின்னால் யாரோ வேலையாள் "ஐயா, போனு" என்றார். இரு என்று கையைக் காட்டினேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. எடுத்தேன். கம்பியில் மூச்சு இல்லை. எங்கள் பழைய ஆபீசில் எனக்குப் பிறகு வந்த சின்னக் கிளாக்கர்தான் பேசினார். கேதம் சொன்னார். விடியற்காலையில், தூக்கத்திலேயே. அந்த அம்மா முதல் ஆளாக எனக்குத்தான் சொல்லச் சொன்னார்களாம்.

"அப்பலேருந்து அடிக்கிறேன். ஏன் எடுக்கலீங்க?" என்றார்.

"அவர் எடுப்பாருன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."